பகலில் சிகிச்சை, இரவில் வீடு: போதை மீட்பில் விடுபட்டுப்போன நடுப்படி

உரிமம் இல்லாத போதை மறுவாழ்வு இல்லத்துக்குச் சீல் வைத்தார்கள் என்ற செய்தி தமிழகத்தில் அடிக்கடி வருகிறது. மருத்துவர் இல்லை, உள்ளே இருந்தவர் உடம்பில் அடித்த காயம் என்று விவரங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு குடிநோயாளியோடு போராடும் குடும்பத்துக்கு ஒரு கேள்வி எழும்: கொண்டுபோய் அடைத்துப் போடாமல் குணப்படுத்த வழியே இல்லையா?

வழி இருக்கிறது. காலையில் மையத்துக்கு வந்து, பகல் முழுக்கச் சிகிச்சை பெற்று, மாலையில் வீட்டுக்குத் திரும்பும் முறைக்குப் பகல்நேர சிகிச்சை என்று பெயர். நம் ஊரில் பலரும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களும் "படுக்கை கிடைக்காதவர்களுக்கான மலிவுப் பதிப்பு" என்றுதான் நினைக்கிறார்கள். அது எந்த அளவுக்குச் சரி, யாருக்கு இது பொருந்தும், யாருக்கு ஆபத்து என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

சிகிச்சையின் ஐந்து படிகள்

போதை நோய்க்கு ஒரே அளவுச் சட்டை கிடையாது. அமெரிக்க போதை மருத்துவச் சங்கம் 1991இல் வெளியிட்ட வழிகாட்டி, சிகிச்சையை அதன் தீவிரத்தை வைத்துப் படிகளாகப் பிரித்தது. 2023இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. பெயர்களும் உட்பிரிவுகளும் மாறினாலும் அடிப்படை இதுதான்:

1. வெளிநோயாளி சிகிச்சை. ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மாத்திரையோடு திரும்புவது. வாரத்துக்கு ஓரிரு மணி நேரத்துக்கு மேல் போகாது.
2. தீவிர வெளிநோயாளித் திட்டம். வாரத்துக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாமல் அமர்வுகள். வாரத்தில் மூன்று மாலை, தலா மூன்று மணி நேரம் என்று வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்.
3. பகல்நேர மருத்துவமனை. வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ. நடைமுறையில் ஐந்து நாள், காலை முதல் பிற்பகல் வரை.
4. மையத்திலேயே தங்கிப் பெறும் சிகிச்சை. நாம் மறுவாழ்வு இல்லம் என்று சொல்வது இதைத்தான்.
5. மருத்துவமனை வார்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கு.

இரண்டையும் மூன்றையும் சேர்த்துத்தான் பொதுவாகப் பகல்நேர சிகிச்சை என்கிறார்கள். எந்தப் படி யாருக்கு என்பதை முடிவுசெய்ய அந்த வழிகாட்டி ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: போதையை நிறுத்தினால் வரும் விலகல் அறிகுறிகள், உடல்நோய்கள், மனநிலை, மாற விருப்பம், மறுபடி குடிக்கும் வாய்ப்பு, வீட்டுச் சூழல். கடைசியாகச் சொன்ன வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் இந்த ஆறில் எதையும் பார்ப்பதில்லை. குடும்பம் எந்த அளவுக்குப் பொறுமை இழந்துவிட்டது என்பதே படியைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் முதல் படியிலிருந்து நேராக நான்காம் படிக்குத் தாவுகிறோம்.

முதலில் உடம்பு தேற வேண்டும்

பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் மூளை திணறிப்போகும். மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். அதை ஈடுகட்ட மூளை எப்போதும் கூடுதல் விறைப்போடு இயங்கப் பழகியிருக்கும். மது சட்டென்று இல்லாமல் போனாலும் அந்த விறைப்பு அப்படியே நிற்கும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு என்று சில மணி நேரத்தில் அறிகுறிகள் தொடங்கும். 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இன்னும் சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது இந்த ஆபத்தை நாடே பார்த்தது. கேரளத்தில் நிலைமை முற்றி, மருத்துவர் சீட்டு கொடுத்தால் மது வழங்கலாம் என்று அரசே ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் ஏப்ரல் தொடக்கத்தில் அதை நிறுத்திவைத்தது. தடை சரிதான், மருந்தாக மதுவையே கொடுப்பது மருத்துவம் ஆகாது. ஆனால் "மன உறுதி இருந்தால் நிறுத்திவிடலாம்" என்று சொல்பவர்கள் அந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பகல்நேர சிகிச்சையில் சேரும் முன் விலகல் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். இதற்குப் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மொத்த மதிப்பெண் 67. எட்டு, பத்துக்குள் இருந்தால் லேசான விலகல். முன்பு வலிப்பு வந்தவர், கல்லீரல் மோசமானவர், வீட்டில் கூட இருக்க ஆள் இல்லாதவர் ஆகியோருக்கு மதிப்பெண் குறைவாக இருந்தாலும் முதல் சில நாட்கள் வார்டுதான் பாதுகாப்பு. குளோர்டயஸெபாக்சைடு, லோரஸெபாம் போன்ற மருந்துகளோடு தையமின் என்னும் பி1 வைட்டமினும் அங்கே கொடுப்பார்கள். தையமினை வெறும் சத்து ஊசி என்று நினைக்க வேண்டாம். அது குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

வார்டில் இருக்கும் அந்த ஐந்து, பத்து நாளை "சிகிச்சை முடிந்தது" என்று எண்ணிவிடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய குழப்பம். அங்கே உடம்பிலிருந்து மது இறங்கியிருக்கும், அவ்வளவே. குடிநோய்க்கான சிகிச்சை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மையத்தில் ஒரு பகல்

திட்டத்துக்குத் திட்டம் மாறினாலும் சட்டகம் ஏறத்தாழ ஒன்றுதான். வந்ததும் மூச்சுச் சோதனை, தேவைப்பட்டால் சிறுநீர்ச் சோதனை. செவிலியர் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். பிறகு குழு அமர்வு. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து நேற்று மாலை எப்படிப் போயிற்று என்று பேசுவார்கள். மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக. காலையில் வெறும் வயிறு, மதியம் இரண்டு வாய் என்று வருடக்கணக்கில் வாழ்ந்த உடம்புக்கு வேளாவேளைக்குச் சோறு என்பதே பாதி மருந்து. பிற்பகலில் ஆலோசகரோடு தனி அமர்வு. வாரம் ஒருமுறையாவது குடும்பத்தாருக்கு அமர்வு.

குழு அமர்வில் நடப்பது உபதேசம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நல்ல மையத்தில் உபதேசத்துக்கு நேரமே இருக்காது. சனிக்கிழமை கூலி கையில் வந்ததும் எந்த வழியாக நடந்து போகிறாய், யார் கூப்பிடுவார்கள், என்ன சொல்லித் தட்டிக்கழிப்பாய், மனைவியோடு சண்டை வந்தால் முதல் பத்து நிமிடம் எங்கே போவாய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசி, நடித்துப் பழகுவார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 1980களில் உருவான மேட்ரிக்ஸ் முறை இதையே 16 வாரப் பாடத்திட்டமாக வகுத்தது. கொக்கெய்ன் போன்ற ஊக்கப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களை, மையத்தில் தங்கவைக்காமலே மீட்பதற்காக எழுந்தது அது.

மாலை நான்கு மணிக்குப் பிறகு

பகல்நேர சிகிச்சையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மையம் மாலை நான்கு மணிக்கு முடிகிறது. டாஸ்மாக் கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

தங்கும் மையத்தை ஆதரிப்பவர்கள் இதைத்தான் முதல் ஆட்சேபணையாக வைப்பார்கள். நியாயமான ஆட்சேபணை. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. மூன்று மாதம் மதில் சுவருக்குள் குடிக்காமல் இருந்தவர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாரா, குடி கிடைக்காத இடத்தில் இருந்தாரா என்பது அவர் வெளியே வரும் வரை யாருக்கும் தெரியாது. வெளியே வரும் நாளில் ஆலோசகர் பக்கத்தில் இருக்க மாட்டார். பகல்நேர முறையில் அந்தத் தேர்வு தினமும் நடக்கிறது. மாலையில் தோற்றவர் மறுநாள் காலை மையத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் சறுக்கினேன் என்று சொல்ல முடிகிறது. சறுக்கலைக் குற்றமாகப் பார்க்காமல் தகவலாகப் பார்க்கும் மையத்தில்தான் இது நடக்கும். "குடித்துவிட்டு வந்தால் பெயர் நீக்கம்" என்று பலகை மாட்டிய இடத்தில் எவரும் உண்மை சொல்ல மாட்டார்.

அபினி வகைப் போதையில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஹெராயினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுத்த உடம்பு பெரிய அளவையும் தாங்கப் பழகியிருக்கும். சில வாரம் அடைத்துவைத்தால் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியேறிய முதல் வாரங்களில் இறப்பு கூடுவதற்குக் காரணம் இதுதான். அதனால் இவர்களுக்கு பியூப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்தைக் கண்காணிப்பில் தினமும் கொடுத்து, வீட்டிலிருந்தே வந்துபோகச் செய்வது பல நாடுகளில் முதல் வழி. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று கேட்பவர்கள் உண்டு. அளவும் நேரமும் மருத்துவர் கையில், ஊசி இல்லை, உயர்ந்து தாழும் மயக்கம் இல்லை, வேலைக்குப் போக முடிகிறது. வேறுபாடு அங்கே இருக்கிறது.

தெரியாமல் கலக்கும் பொடி

மருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. "குடிப்பவருக்குத் தெரியாமலே குழம்பில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவரில் பார்த்திருப்பீர்கள். இப்போது செல்போனுக்கே வருகின்றன. அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை விற்பவரைத் தவிர யாரும் அறியார். டைசல்ஃபிராம் இருந்தால் விபரீதம்.

மதுவைக் கல்லீரல் உடைக்கும்போது அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் இடையில் உருவாகி, உடனே கரைந்துவிடும். டைசல்ஃபிராம் அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. இந்த நிலையில் மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோயாளி என்றால் இறந்தே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வீச்சு இருக்கும். "இதை எடுத்திருக்கிறேன், இனி குடித்தால் ஆபத்து" என்ற அறிவே இந்த மருந்தின் பாதி வேலை. அறியாதவருக்குக் கொடுத்தால் மருந்து பொறியாகிவிடுகிறது. பகல்நேர மையத்தில் நோயாளி ஒப்புதல் தந்து, கல்லீரல் பரிசோதித்து, தினமும் செவிலியர் முன் விழுங்கும்போதுதான் டைசல்ஃபிராம் பயன் தருகிறது.

இதைத் தவிர, குடித்தால் கிடைக்கும் கிறக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், நிறுத்தியவருக்கு வரும் தவிப்பைத் தணிக்கும் அகாம்ப்ரோசேட் ஆகியவையும் உண்டு. இவை எதுவும் குணப்படுத்துவதில்லை. குழு அமர்வில் உட்கார்ந்து பேசுமளவுக்கு மனத்தை அமைதிப்படுத்தித் தருகின்றன.

பலன் உண்டா?

பகல்நேர மருத்துவமனை என்ற எண்ணம் போதைக்காகப் பிறந்ததல்ல. 1933இல் மாஸ்கோவில் மனநோயாளிகளுக்காகத் தொடங்கியது. காரணம் படுக்கைத் தட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் கனடாவின் மான்ட்ரியலிலும், அதே காலத்தில் லண்டனிலும் வேரூன்றியது. போதைச் சிகிச்சைக்கு வந்தது பின்னால்.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்து 1994இல் வெளியானது. கொக்கெய்னுக்கு அடிமையான முன்னாள் படைவீரர்கள் 111 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வார்டிலும் மற்றவர்களைப் பகல்நேர மையத்திலும் சேர்த்தார்கள். வார்டில் 89 சதவீதம் பேர் சிகிச்சையை முடித்தார்கள். பகல்நேரத்தில் 54 சதவீதம்தான். இதோடு நிறுத்தினால் தீர்ப்பு தெளிவு. ஆனால் ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது போதை விட்டிருந்தோர் அளவு இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பகல்நேரத்துக்கு ஆன செலவோ வார்டுக்கு ஆனதில் 40 முதல் 60 சதவீதம்தான்.

இந்த எண்களை இரு பக்கமும் தங்களுக்கு வசதியாகப் படிக்கிறார்கள். என் பார்வையில், முடிக்காமல் போன அந்த 46 சதவீதம்தான் பகல்நேரத் திட்டம் நடத்துவோர் தூக்கம் கெட வேண்டிய எண். வராதவரைத் தேடி மறுநாளே வீட்டுக்குப் போகும் ஆள் இல்லாத மையம் பாதிப் பேரை இழந்துவிடும். இன்னொன்று, இத்தகைய ஒப்பீட்டில் தெருவில் வசிப்பவர்களையும் கடும் மனநோய் உள்ளவர்களையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவர்களுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. எந்த முறையானாலும் மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பலன் நிலைப்பதில்லை என்பதில் மட்டும் இரு பக்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இங்கே என்ன இருக்கிறது

எய்ம்ஸின் தேசிய போதை மருத்துவ மையம் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, மதுவால் வந்த பிரச்சினைக்கு உதவி தேவைப்படும் இந்தியர் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்த இடைவெளியைக் கட்டில் போட்டு அடைக்க முடியாது.

இருந்தும் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் இயங்கும் மறுவாழ்வு மையங்கள் படுக்கை எண்ணிக்கையை வைத்தே திட்டமிடப்பட்டவை. தமிழகத்தில் தனித்து நிற்கும் பெயர் சென்னையின் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய இந்த நிறுவனம், குடிநோயை நோயாகப் பார்க்கும் பழக்கத்தையும் குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை என்ற எண்ணத்தையும் இங்கே பரப்பியது. மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்திய அனுபவமும் அதற்கு உண்டு. அரசு மருத்துவமனைகளில் 2025இல் 25 ‘கலங்கரை’ மையங்கள் திறக்கப்பட்டன. இவற்றில் வார்டோடு சேர்த்துப் பகல்நேரத் திட்டத்தையும் முறையாக நடத்தினால் கூடுதல் கட்டில் இல்லாமலே பல மடங்குப் பேரைப் பார்க்கலாம்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நோயாளிக்கு இயன்றவரை கட்டுப்பாடு குறைந்த சூழலில் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அது அனுமதிக்கவில்லை.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். பாலிசியில் "டே கேர்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பகல்நேர சிகிச்சைக்கும் பணம் வரும் என்று நம்புகிறார்கள். அங்கே சொல்லப்படுவது கண்புரை அறுவை, டயாலிசிஸ், கீமோதெரபி போல 24 மணி நேரம் தங்கத் தேவையில்லாத நடைமுறைகள். மூன்று மாதம் தினமும் வந்துபோகும் ஆலோசனை அதில் சேராது.

அதைவிடப் பெரிய தடை இன்னொன்று. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொதுவான விலக்குகளில் 12ஆம் எண், குடிப்பழக்கம், போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை வெளியே தள்ள இடம் தருகிறது. ஒரு சட்டம் நோய் என்கிறது, ஒரு விதி அதை நோயாளியின் தவறு என்பதுபோல நடத்துகிறது. பாலிசியை வாங்கும்போதே இந்த விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீடு வந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் காப்பீட்டுப் பணத்துக்காகவே பகல்நேர மையங்கள் முளைத்தன. இலவசத் தங்குமிடம் தருகிறோம் என்று இளைஞர்களை இழுத்து, தினமும் சிறுநீர்ச் சோதனை செய்து ஆயிரக்கணக்கான டாலருக்குப் பில் போட்டார்கள். ஒருவர் மறுபடி போதைக்குப் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும், ஆகவே அவர் மீளாமல் இருப்பதே லாபம். பாம் பீச் மாவட்டத்தில் 2016இல் தனிப் பணிக்குழு அமைத்து வழக்குப் போட வேண்டிவந்தது. அரிசோனாவில் பழங்குடி மக்களை வாகனத்தில் அள்ளிவந்து, நடக்காத அமர்வுகளுக்கு அரசிடம் பணம் பறித்த மோசடி 2023இல் வெளியானது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. மாநில மனநல ஆணையத்தில் மையம் பதிவு பெற்றதா? சான்றிதழைக் கண்ணால் பாருங்கள்.
2. மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வருவார்? "தேவைப்பட்டால் கூப்பிடுவோம்" என்பது பதில் இல்லை.
3. சேர்க்கும் முன் விலகல் அறிகுறியையும் கல்லீரலையும் பரிசோதிப்பார்களா, இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள்?
4. ஒருநாள் வராவிட்டால் என்ன செய்வார்கள்? குடித்துவிட்டு வந்தால்?
5. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மாலை அமர்வு உண்டா? பகலில் மட்டும் என்றால் மூன்று மாதக் கூலியை யார் ஈடுகட்டுவது என்று குடும்பம் முன்னதாகவே கணக்குப் போட வேண்டும். பாதியில் நிற்பவர்களில் பலர் நிற்பது இதனால்தான்.
6. மாலைகளுக்கு என்ன ஏற்பாடு? குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டம் பக்கத்தில் நடக்கும் இடமும் நேரமும் மையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டணம் கிடையாது, தமிழிலும் கூட்டங்கள் உண்டு.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம். கை நடுக்கம் முற்றி, நினைவு குழம்பிய நிலையில் இருப்பவருக்கு இரண்டும் வேண்டாம், 108தான்.